எழுந்து நின்ற பெஞ்சு

இளம் வழக்கறிஞர்களான நீங்கள் என்னிடம் கேட்டது வழக்கு அனுபவம். நான் எழுதப்போவதோ, மனிதர்கள் எப்போது எழுந்திருக்கிறார்கள், எப்போது உட்காருகிறார்கள் என்பதைப் பற்றி. கிழவிக்கு ஓய்வு வந்ததும் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டப் பிரிவுகளை உங்கள் கைப்பேசியே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றைத்தானே நான் சொல்ல வேண்டும்?

இப்போது உங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள். வேலைநீக்கக் கடிதத்தைப் படம் பிடித்து முந்தைய நாளே அனுப்பிவிடுகிறார்கள். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வழக்கு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் சுங்கைப் பட்டாணியில் தொழில் தொடங்கிய காலத்தில் எல்லாம் தலைகீழ். ஆள் முதலில் வருவார், வழக்கு பிறகு மெதுவாக வரும். அவருக்கும் முன்னால், காய்ந்த ரப்பர் பாலின் புளித்த வாடை மாடிப்படி ஏறி வந்துவிடும். பக்கத்து அலுவலகத்தில் கதவைச் சாத்துவார்கள். எனக்கு அது பிறந்த வீட்டு வாடை. நானும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். என் அப்பா ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் வேலை பார்த்தார். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறேன். என் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

என் சீனியர் நிலத் தகராறுகளில் பெயர் வாங்கியவர். தோட்டத்து ஆள் யாராவது வாசலில் தயங்கி நின்றால், தலையைக்கூடத் தூக்காமல் என் மேசைப் பக்கம் கைகாட்டுவார். "உங்க ஆளுங்கம்மா" என்பார். அவர்கள் கொண்டுவரும் முருங்கைக்காயும் பலாப்பழமும் ஆபீசில் குவிவது அவருக்கு அறவே பிடிக்காது. சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போவது மட்டும் பிடிக்கும்.

அப்படித்தான் ஒருநாள் முனியாண்டி வந்தார். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவர். திடகாத்திரமான இளைஞர், ஆனால் கண்கள் தரையை விட்டு மேலே வராது. கூடவே மனைவி செல்லம்மா. நான் நாற்காலியைக் காட்டினேன்.

"பரவால்லம்மா, நிக்கிறேன்" என்றார்.

"உக்காருய்யா, லாயரம்மா சொல்றாங்கல்ல" என்று செல்லம்மாதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நடந்தது இதுதான். முந்தைய இரவு மழை. செம்மண் ரோடு சேறாகிக் கிடந்தது. முனியாண்டி தன் பங்கு மரங்களை வெட்டி, பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, சைக்கிளின் இருபுறமும் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஸ்டோருக்கு இறங்கிக்கொண்டிருந்தார். எதிரே மேனேஜரின் கார் ஏறி வந்தது.

உங்களில் பலருக்கு இங்கேயே கதை புரியாது, அதனால் சொல்கிறேன். தோட்டத்து மேனேஜரை எங்கள் ஆட்கள் துரை என்பார்கள். துரையின் கார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். ஓரமாய் ஒதுங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கார் போகும்வரை நிற்க வேண்டும். இது எங்கும் எழுதி ஒட்டியதில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிப் போய், அவர்கள் பங்களாக்களில் நம் நாட்டுக்காரர்களே குடியேறிவிட்டார்கள். பழக்கம் மட்டும் கப்பலேறவில்லை.

"எறங்குனா சைக்கிளு சாஞ்சிரும்மா" என்றார் முனியாண்டி. "எறக்கம் வேற, சேறு வேற. அத்தன பாலும் கொட்டிரும். அதான் ஒரு கையத் தூக்கி, கும்புடுறேன் தொரன்னு சொல்லிட்டு அப்படியே வந்துட்டேன்."

கார் திரும்பி ஸ்டோருக்கே வந்துவிட்டது. பால் நிறுக்க வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர், "நான் ஒனக்குக் கூட்டாளியா, கைய ஆட்டிட்டுப் போற?" என்று கத்தினார்.

"பாலு கொட்டிரும் தொர" என்று முனியாண்டி சொன்னார். அவ்வளவுதான் அவர் பேசியது.

மறுநாள் விடியற்காலை பெரட்டில், அதாவது எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடத்தில், அவர் பேரைக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தத்தம் மரங்களுக்குப் போய்விட்டார்கள். முனியாண்டி கத்தியும் கையுமாய் அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு கடிதம் வந்தது. சைக்கிளைப் பொறுப்பில்லாமல் ஓட்டினார், மேலதிகாரியிடம் திமிராகப் பேசினார், அதனால் வேலைநீக்கம். அதன் பின்னாலேயே இன்னொன்று: வீட்டைக் காலி செய்.

இந்த இரண்டாவது கடிதம்தான் செல்லம்மாவை மாடியேற வைத்தது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வீடும் போகும்.

"வூடு அவரு பேருலதான்மா இருக்கு. எனக்கும் அங்கதான் வேல, புள்ளைங்களுக்கும் அங்கதான் பள்ளிக்கூடம். சட்டி பானையத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? ரோட்டுலயா ஒல வைக்கிறது?" என்று கேட்டார். அழவில்லை. கோபமாகத்தான் கேட்டார். அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். கோபம் என்றால் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

சமரசப் பேச்சு, மேலிடத்துக்குப் போனது, காத்திருந்தது, இதையெல்லாம் நீங்களே அறிவீர்கள், தாண்டிவிடுகிறேன். வழக்கு தொழில் நீதிமன்றத்துக்கு வந்தது. அதுவரை வீட்டைத் தொடுவதில்லை என்று தோட்டத்துத் தரப்பு ஒப்புக்கொண்டது. ஆக, விசாரணையில் தோற்றால் செல்லம்மாவின் அடுப்பு ரோட்டுக்கு வந்துவிடும். எனக்கு இருந்த ஒரே வழி, சைக்கிளைப் பொறுப்பில்லாமல் ஓட்டியதெல்லாம் சாக்கு, இறங்கி நிற்காததுதான் காரணம் என்று காட்டுவது. அதற்கு முதலில் அப்படி ஒரு வழக்கம் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று யாராவது வந்து சொல்ல வேண்டும்.

லயத்துக்குப் போய்க் கேட்டேன். எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா, தோட்டத்திலேயே மூத்த பால்வெட்டுக்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாங்க வர்றோம் தாயி. முனியாண்டி தனியா ஒக்காரக்கூடாது. ஆனா எங்கள வாயத் தொறக்கச் சொல்லாத."

சாட்சிகள் வருவார்கள், சாட்சி சொல்ல மாட்டார்கள். இப்படி ஒரு வாக்குறுதியை எந்தச் சட்டப் புத்தகத்தில் தேடுவது?

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. முனியாண்டி எப்படியும் பேசியாக வேண்டும். விசாரணை அறைக்குள் மேனேஜர் நுழைந்ததும் இந்தக் கூட்டம் எழுந்து நின்றால் முனியாண்டியும் எழுந்துவிடுவார். எழுந்து நின்ற முனியாண்டியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒத்திகை நடத்தினேன். ஆமாம், நாடகத்துக்கு நடத்துவதைப் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் பெஞ்சைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்தேன். மேனேஜர் வேஷத்துக்கு எங்கள் ஆபீஸ் கிளார்க் காதர் பாய். சுங்கைப் பட்டாணி பசாருக்கு எதிரே அவர் அண்ணன் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பாய்க்கு நடிப்பென்றால் உயிர். யாரிடமோ தொப்பி இரவல் வாங்கி, கையில் பிரம்போடு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "ஏய், என்னா இங்க கூட்டம்?" என்று ஓர் அதட்டல் வேறு.

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. ஒருவரும் எழவில்லை.

"பாத்தீங்களா, இவ்வளவுதான்" என்றேன். "தொழில் நீதிமன்றத்துல அவரு தொர இல்ல. ஒரு கட்சிக்காரர், அவ்வளவுதான். அவருக்காக யாரும் எந்திரிக்கக்கூடாது. பெரியவர் ஒருத்தர் நாற்காலியில இருப்பாரு, துவான்னு கூப்புடுவோம். அவரு வரும்போது மட்டும் எல்லாரும் எந்திரிக்கணும்."

"பாய்க்கு எந்திரிக்கச் சொன்னாத்தான் கஷ்டம்லா" என்றார் பாப்பாத்தியக்கா. மறுபடி சிரிப்பு. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பலமுறை செய்து பார்த்தோம். ஒருமுறைகூடத் தவறவில்லை. பாய் வாங்கிவந்த பிசாங் கோரேங்கை, அந்த வாழைப்பழப் பஜ்ஜியை, சாப்பிட்டுவிட்டு, ஜெராய் மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு வருவதைப் பார்த்தபடி பஸ்ஸுக்கு நடந்தோம். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்தி. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கொட்டகை இல்லை, லயம் இல்லை, காதர் பாயும் இல்லை. அந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாய் மாடிவீடுகள்.

விசாரணை அலோர் ஸ்டாரில், ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடி அறையில். வாடகை வேனில் போனோம். விசாரிக்கிற நீதிமன்றத் தலைவருக்கு ஒரு மேசை, எங்கள் இரு தரப்புக்கும் இரண்டு மேசைகள், சுவரோரமாய் ஒரு நீண்ட பெஞ்சு. பெஞ்சில் முனியாண்டி, செல்லம்மா, பாப்பாத்தியக்கா, இன்னும் லயத்து ஆட்கள் சிலர். நாங்கள் போனபோது மேனேஜர் தம் வழக்கறிஞரோடு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். பினாங்கிலிருந்து வந்த வழக்கறிஞர், நல்ல தையல்காரர் கைப்பட்ட கோட்டு. தலைவர் நரைத்த தலையோடு ஒரு மலாய்க்காரப் பெரியவர். மெதுவாகப் பேசுவார், எழுதிக்கொண்டே இருப்பார். அவர் வந்தார், எழுந்தோம், உட்கார்ந்தோம்.

முதலில் மேனேஜர்தான் சாட்சி சொன்னார். சேறு, சரிவு, வேகம், திமிர். எல்லாம் கடிதத்தில் இருந்தபடியே. நான் எழுந்து, வழக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நான் யாரையும் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னதே இல்லை" என்றார். "வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் அது. என் தோட்டத்தில் யாரும் எனக்காக எழுந்து நிற்பதும் இல்லை, இறங்கி நிற்பதும் இல்லை. நான் அதை எதிர்பார்ப்பதும் இல்லை."

எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே பதில். கொடுமை என்னவென்றால், அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இறங்கச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. எல்லோரும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், அவர் கண்ணில் அது படவே இல்லை; ஒருவர் இறங்காதபோது மட்டும் திமிராகப் பட்டது. காலையில் சூரியன் வருவதற்கு நாம் நன்றி சொல்கிறோமா? தலைவர் எழுதிக்கொண்டார். பினாங்கு வழக்கறிஞர் தம் கட்டை விரல்களை ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். என் வழக்கு சரிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

தேநீர் இடைவேளை. மேனேஜரும் அவர் வழக்கறிஞரும் கீழே கேண்டீனுக்குப் போனார்கள். தலைவர் போகவில்லை. கிளார்க் கொண்டுவந்து வைத்த தேநீரைத் தம் மேசையிலேயே குடித்தபடி ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நாங்களும் அறையிலேயே இருந்தோம். செல்லம்மா பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு வடை கொடுத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வந்தார்.

பெஞ்சு எழுந்தது. ஒருவர் பின் ஒருவராக இல்லை, ஒரே மூச்சில். ஆண்களின் தோளில் கிடந்த துண்டுகள் கைக்கு வந்துவிட்டன. பாப்பாத்தியக்கா கடித்த வடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். செல்லம்மாவின் மடியிலிருந்த பொட்டலம் தரையில் விழுந்தது. முனியாண்டியும் நின்றார். இறங்காததற்காக வேலை போன அதே முனியாண்டி, தலையைக் குனிந்துகொண்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் பாழ். "உக்காருங்க!" என்று அதட்ட வாயைத் திறந்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். நம் தொழிலில் நமக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு. நம் ஆள் தப்பு செய்தால் உடனே திருத்த வேண்டும். கையைப் பிடித்து இழுப்போம், கண்ணைக் காட்டுவோம், மேசைக்கடியில் காலை மிதிப்போம். அன்றைக்கு நான் வாயைத் திறந்த அந்த நேரத்தில் தற்செயலாகத் தலைவர் பக்கம் பார்த்தேன். தேநீர்க் கோப்பை அவர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிட்டது. அவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேனேஜர் அவர்களைப் பார்க்கவேயில்லை. தம் மேசைக்கு நடந்துகொண்டே, இடது கையை இடுப்பளவுக்குத் தூக்கி, கீழே அமுக்குவதுபோல லேசாக அசைத்தார். "உக்காரு, உக்காரு" என்று முணுமுணுத்தார். பெஞ்சு உட்கார்ந்தது. அவரும் உட்கார்ந்து, பின்னாலேயே வந்த தம் வழக்கறிஞரிடம் கேண்டீன் காப்பியைப் பற்றி ஏதோ குறை சொல்ல ஆரம்பித்தார்.

விசாரணை மறுபடி தொடங்கியதும் மேனேஜரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கேட்டேன். கிடைத்தது.

"சற்றுமுன் உள்ளே வரும்போது இடது கையை அசைத்தீர்களே, எதற்காக?"

அவருக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. "எந்தக் கை?" என்று கேட்டார்.

பினாங்கு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். இடைவேளையில் நடந்தது சாட்சியமாகாது, அப்படி எதுவும் நடக்கவும் இல்லை என்றார். தலைவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"சாயா பூன் நம்பாக்" என்றார். நானும் பார்த்தேன் என்று அர்த்தம். மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் அதைவிடப் பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

வெற்றி என்று மனம் குதித்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது பறக்காத குறையாகத்தான் படியிறங்கினேன். கீழே, மழைமரத்தடியில் முனியாண்டி மட்டும் சாப்பிடாமல் தனியாக நின்றார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

"நான் வூட்டுக்குப் போறேன்மா" என்றார். "கேஸு வாணாம்."

"என்னங்க சொல்றீங்க? கேஸு நம்ம பக்கம் திரும்பிருச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க பேசணும்."

"என்னத்தப் பேசுறது?" என்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "எந்திரிக்கக் கூடாதுன்னுதாம்மா உக்காந்திருந்தேன். ராத்திரியெல்லாம் அதையேதான் நெனச்சேன். அவரு வந்தாரு, காலு எந்திரிச்சிருச்சு. நான் சொல்றத அது கேக்கல. அதக் காட்டித்தான் நீங்க கேஸு ஜெயிக்கிறீங்க. பாரு, இவன் எப்படி நிக்கிறான்னு. அந்தக் காலோட நான் திரும்பப் போயி அங்க என்னத்த வேல செய்யறது?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. அவருடைய மானத்தைக் காக்க வந்தவள், அவர் கூனி நின்றதையே கையிலெடுத்துக் காட்டியிருந்தேன். வேறு வழி இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்ட பிறகு உங்கள் கட்சிக்காரரின் முகத்தைப் போய்ப் பாருங்கள். நாம் அதைச் செய்யாமல் படியிறங்கிவிடுகிறோம்.

மரத்தடியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "உங்க காலு தானா எந்திரிச்சிச்சு, சரி. அவரு கை? அதுவும் தானாத்தானே ஆடிச்சு? கேட்டா, எந்தக் கைன்னாரு. உங்களுக்காவது எந்திரிச்சது தெரியுது. அவருக்கு அதுவும் தெரியல."

அதற்குள் செல்லம்மா வந்துவிட்டார். எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே கேட்டிருக்கிறார்.

"எந்திரிச்சா எந்திரிச்சதுதான், போ. நானுந்தான் எந்திரிச்சேன். வடையெல்லாம் மண்ணாப் போச்சு" என்றார். "காலு பேச்சு கேக்கல, வாயாவது கேக்குதா பாப்போம். உள்ள போயி பேசு. வூட்டுக்குப் போறாராம்லா. எந்த வூட்டுக்கு?"

முனியாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் ஒன்று மட்டும் சொன்னேன்: "துவான் உள்ள வரும்போது எல்லாரும் எந்திரிப்போம். நீங்க தரையப் பாக்காதீங்க. தொரையப் பாருங்க."

காலையில் தலைவர் வந்தபோது முனியாண்டி தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்து பார்த்தார். தலைவர் நுழைந்தார். மேனேஜர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலைவர் உட்காரும்வரை நின்றார். முனியாண்டி கண்ணிமைக்காமல் அவரையே பார்த்தார்.

பிறகு சாட்சி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நுனியில் இல்லை, முதுகு சாய்த்து. நடந்ததை நடந்தபடி சொன்னார். பினாங்கு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்: "மேனேஜருக்கு மரியாதை கொடுக்க உங்களுக்கு விருப்பமில்லை. அதுதானே உண்மை?"

"குடுத்தேனுங்களே" என்றார் முனியாண்டி. "கையத் தூக்கிக் கும்புட்டேன். ரெண்டு வாளி பாலு இருந்துச்சுங்க. அதுக்கும் மரியாதை குடுக்கணும்ல? எறங்கிக் கொட்டியிருந்தா, பாலக் கொட்டிட்டான்னு வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாரு."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதுவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துகொண்டார்.

தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். அது பிறகு தபாலில் வந்தது. முனியாண்டிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, செல்லம்மாவின் அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. தீர்ப்பில் அந்தக் கையசைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வழக்கம் அந்தத் தோட்டத்தில் நிலவியது என்று நம்புவதாக மட்டும் இருந்தது. அதன் பின் அங்கே யாரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். சிலர் இறங்கினார்கள். சிலர் வெகுநாள் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தீர்ப்பு தபாலில் வந்துவிடும், பழக்கம் தபாலில் போகாது. இன்று உங்களிடம் வருகிற தொழிற்சாலைப் பெண் அதிகாரியின் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறாளா, பாருங்கள். அவள் கொண்டுவரும் கடிதத்தைவிட அது அதிகம் சொல்லும்.

ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்பை அல்ல. அன்று சாயங்காலத்தை.

விசாரணை முடிந்தது. தலைவர் எழுந்தார், நாங்கள் எல்லோரும் எழுந்தோம், அவர் பின்கதவு வழியாகப் போனார், உட்கார்ந்தோம். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வெளியே போக வேண்டுமானால் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வழக்கறிஞர் முன்னால் போய்விட, அவர் புறப்பட்டு நடந்து வந்தார்.

பாப்பாத்தியக்காவின் உடம்பு பெஞ்சை விட்டுப் பாதி எழுந்துவிட்டது. "அக்கா" என்றார் முனியாண்டி, தாழ்ந்த குரலில். முனியாண்டியின் இரண்டு உள்ளங்கைகளும் அவருடைய முழங்கால்களின் மேல் அழுத்தமாக இருந்தன. பிடித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் துண்டைத் தொட்டார்கள், எடுக்கவில்லை. பெஞ்சு அசையாமல் இருந்தது.

மேனேஜர் அவர்கள் முன்னால் வந்தபோது இடது கை பழக்கப்படி இடுப்பளவுக்கு எழுந்தது. அமுக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சு மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் பார்க்கிறார்கள் என்று புரியாமல் கீழே பார்த்தேன். கறுப்புக் கோட்டு, நெஞ்சோடு அணைத்த காகிதக் கட்டு, இரண்டு பாதங்களும் ஒட்டி. அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"உக்காருங்க லாயரம்மா" என்றார் முனியாண்டி.

உட்கார்ந்தேன்.